மாத்திரை கிருமியைக் கொல்கிறது, என்னை ஏன் கொல்லவில்லை?

போன மாதம் அக்கா மகனுக்குத் தொண்டை வீங்கி, காய்ச்சல் மூன்று நாளாக இறங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு அமாக்ஸிசிலின் எழுதிக் கொடுத்தார். ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் என்னைப் பார்த்து, "மாமா, இது கிருமியக் கொல்லும்னா என்னை ஏன் கொல்லாது?" என்றான். "முதல்ல முழுங்குடா, அப்புறம் கேள்வி கேளு" என்று அக்கா அதட்டினாள். முழுங்கிவிட்டான். ஆனால் கேள்வி லேசான கேள்வி இல்லை. கிருமியைக் கொல்வது ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. பினாயில் கொல்லும், கொதிக்கிற தண்ணீர் கொல்லும், பாதரசமும் கொல்லும். அந்தப் பாதரசத்தைத்தான் ஐரோப்பாவில் சில நூறு ஆண்டுகள் சிபிலிஸ் நோய்க்கு மருந்தென்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நோயாளிக்குப் பல் ஆடி, வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் ஒழுகிக்கொண்டே கிடப்பான், நோயால் செத்தானா மருந்தால் செத்தானா என்று சொல்ல முடியாது. கிருமியை மட்டும் கொன்று ஆளை விட்டுவைப்பதில்தான் கஷ்டமே.

அன்றைக்கு அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பதில் ஒரே வரிதான்: பாக்டீரியாவுக்குச் சுவர் இருக்கிறது, உனக்கு இல்லை.

சுவர் என்றதும் செங்கல் சுவரை நினைத்துக்கொள்ள வேண்டாம், சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ட்யூப், வெளியே டயர். ட்யூபை வெளியே எடுத்துப் போட்டுக் காற்றடித்தால் அது பாட்டுக்கு உப்பிக்கொண்டே போய்க் கடைசியில் வெடிக்கும். அதே ட்யூப் டயருக்குள் இருந்தால் எவ்வளவு அழுத்தமானாலும் தாங்கும், ஏனென்றால் தாங்குவது டயர், ட்யூப் காற்றை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாக்டீரியாவும் அப்படியே. உள்ளே மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று, அது ட்யூப். அதற்கு வெளியே முரட்டு வலை ஒன்று, அது டயர். அந்த வலையைத்தான் செல் சுவர் என்கிறோம்.

சரி, அதற்குள் காற்று எங்கிருந்து வந்தது? காற்று இல்லை, தண்ணீர். மாவடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாளே மாவடு சுருங்கி, ஜாடி அடியில் தண்ணீர் நிற்கும். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். பாக்டீரியாவின் விஷயத்தில் இது தலைகீழ். அதன் உடம்புக்குள்தான் உப்பும் புரதமும் இன்ன பிறவும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, அதனால் வெளியே இருக்கிற தண்ணீர் எல்லாம் உள்ளே வரத் துடிக்கிறது. சில பாக்டீரியாக்களுக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 20 மடங்குவரை போகும், கார் டயரில் நாம் அடிப்பதே சுமார் இரண்டு மடங்குதான் என்பதை யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி அவ்வளவு அழுத்தத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறது.

நம் செல்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நம் ரத்தத்தின் உப்பும் செல்லுக்குள் இருக்கும் உப்பும் சமமாக இருக்கும்படி சிறுநீரகம் முதலான உறுப்புகள் பார்த்துக்கொள்கின்றன, ஆகவே ட்யூப் மட்டும் போதும், டயர் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றும்போது வெறும் தண்ணீர் ஏற்றாமல் 0.9 சதவீத உப்புத் தண்ணீர் ஏற்றுவது இதனால்தான். வெறும் தண்ணீரை ரத்தத்தில் ஏற்றினால் சிவப்பணுக்கள் ஊதி உடைந்துவிடும்.

ஆக, நம்மிடம் இல்லாத ஒரு பொருள் எதிரியிடம் இருக்கிறது, அது போனால் அவன் வெடித்துச் சாவான். இதைவிட நல்ல குறி கிடைக்குமா? நம் உடம்பே இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கண்ணீரில், எச்சிலில், மூக்குச் சளியில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது, அந்தச் சுவரின் இழைகளை வெட்டுவதுதான் அதன் வேலை. முட்டையின் வெள்ளைக்கருவிலும் நிறைய உண்டு. இதைக் கண்டுபிடித்து 1922இல் எழுதியவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பெனிசிலின் புகழ் ஃபிளெமிங்கேதான். பெனிசிலினுக்கு ஆறு வருஷம் முன்பே அவர் சுவரை உடைக்கும் பொருளைக் கையில் வைத்திருந்தார், ஆனால் ஆளைக் கொல்லும் கிருமிகள் பெரும்பாலும் அதற்கு மசியவில்லை.

இப்போது அந்த வலை எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இனி வரும் எல்லா மருந்தும் இந்தப் பின்னலின் ஏதாவது ஒரு முடிச்சில்தான் கை வைக்கிறது. பெயர் பெப்டிடோகிளைக்கன். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கிளைக்கன் என்றால் சர்க்கரை, பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி. இரண்டு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மாற்றி மாற்றிக் கோத்த நீளமான கயிறுகள் பாக்டீரியாவைச் சுற்றி ஓடுகின்றன. கயிறு மட்டும் இருந்தால் பிரிந்துவிடும் இல்லையா, அதனால் ஒவ்வொரு கயிற்றிலிருந்தும் குட்டையான பெப்டைடு வால்கள் தொங்கும், பக்கத்துக் கயிற்றின் வாலோடு அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கும். நூற்கயிறு கட்டில் மாதிரி, குறுக்கும் நெடுக்கும். இப்படி முடிச்சுப் போட்டுப் போட்டு, முழு பாக்டீரியாவையும் சுற்றியுள்ள வலை கிட்டத்தட்ட ஒரே ஒரு ராட்சத மூலக்கூறாக ஆகிவிடுகிறது.

ஆனால் பாக்டீரியா சும்மா இருக்காது, வளரும். வசதியான இடம் கிடைத்தால் ஈ. கோலி என்ற குடல் பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். வளர வேண்டுமென்றால் டயரும் பெரிதாக வேண்டும், அதுவும் உள்ளே காற்று இருக்கும்போதே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. எப்படிச் செய்கிறது என்றால், ஒரு கோஷ்டி நொதிகள் பழைய வலையை ஆங்காங்கே வெட்டி இடைவெளி உண்டாக்கும், இன்னொரு கோஷ்டி அந்த இடைவெளியில் புதுக் கயிறு நுழைத்து முடிச்சுப் போடும். வெட்டுவதும் முடிவதும் ஒன்றோடொன்று ஒத்துப் போகும்வரை பிரச்சினை இல்லை.

பெனிசிலின் இந்த முடிச்சுப் போடுகிறவர்களின் கையைக் கட்டிப்போடுகிறது. வெட்டுகிறவர்களை ஒன்றும் செய்வதில்லை. அவர்கள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வலையில் ஓட்டை விழுந்து, கிழிந்த டயரிலிருந்து ட்யூப் பிதுங்குவது போலச் செல்லின் நடுவில் கொப்புளம் ஒன்று பிதுங்கும். மைக்ராஸ்கோப்பில் இதைக் காணொளியாகவே பார்க்கலாம். பிதுங்கி, பெரிதாகி, பட்டென்று காலி. வெடிப்பு மட்டுமே கதை என்றும் சொல்ல முடியாது, பெனிசிலின் வகை மருந்தின் பிடியில் சிக்கிய பாக்டீரியா, முடிச்சில்லாத கயிறுகளைத் தயாரிப்பதும் தானே அவற்றை அறுத்துப் போடுவதுமாக வீண் வேலை செய்து இருப்பைக் கரைக்கிறது என்று 2014இல் ஹார்வர்டில் காட்டினார்கள். ஆனாலும் அழுத்தம்தான் முக்கியமான கொலைகாரன் என்பதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. 1956இல் ஜோஷுவா லெடர்பெர்க் என்ன செய்தார் தெரியுமா, ஈ. கோலியை அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் வைத்துப் பெனிசிலின் கொடுத்தார். வெளியே சர்க்கரை அதிகம், ஆகவே தண்ணீர் உள்ளே பாயவில்லை. சுவர் போனது, ஆனால் செல் சாகவில்லை, கம்பு மாதிரி இருந்தது உருண்டையாகி அப்படியே கிடந்தது. அதைத் தண்ணீருக்கு மாற்றினால் வெடித்தது.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரியும். ஒன்று, வளராமல் தூங்குகிற பாக்டீரியாவைப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது சுவரைத் தொடுவதே இல்லை. 1944இல் ஜோசப் பிக்கர் என்பவர் இதைக் கவனித்தார். எத்தனை பெனிசிலின் கொட்டினாலும் ஒரு சிறு கூட்டம் தப்பித்துவிடுகிறது, அதைத் திரும்ப வளர்த்தால் அதன் பிள்ளைகள் பழையபடி பெனிசிலினுக்குச் சாகின்றன, அதாவது அவை எதிர்ப்பு பெற்றவை இல்லை, தூங்கியவை. இரண்டாவது, நம் வீடுகளில் தினமும் நடக்கிற விஷயம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிடு என்கிறார்களே அமாக்ஸிசிலினை, ஏன்? ஒரே வேளையில் மூன்றையும் போட்டுக்கொண்டால் என்ன? முடிச்சுப் போடுகிறவனின் கையைத் தொடர்ந்து கட்டிவைத்தால்தான் சுவர் விழும். ரத்தத்தில் இருக்கும் அமாக்ஸிசிலின் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அடுத்த மணி நேரத்தில் அதில் பாதி, சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். மருந்து எவ்வளவு உச்சத்துக்குப் போனது என்பது இந்த வகை மருந்துக்குப் பெரிதில்லை, தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் கணக்கு. காலை மாத்திரையை மறந்து ராத்திரி இரண்டாகப் போட்டுக்கொள்கிற நம் பழக்கம் இந்த இடத்தில்தான் அடிவாங்குகிறது.

சிறுநீர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபிளெமிங் 1928இல் பூஞ்சை விழுந்த தட்டைப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர். 1941 பிப்ரவரியில் உடம்பெங்கும் சீழ் பிடித்துக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு, நோயைக் குணப்படுத்தவென்று முதன்முதலாக, ஊசி போட்டார்கள். ஒரே நாளில் தேறத் தொடங்கினார். ஆனால் கையிலிருந்த மருந்தே கொஞ்சம்தான், அதனால் அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்ப அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் போதவில்லை, மருந்து தீர்ந்தது, நோய் திரும்பியது, மார்ச்சில் இறந்துபோனார். நான்கைந்து நாள் மருந்து கூடுதலாக இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, கையைக் கட்டுகிறது என்றேனே, எப்படி? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமினோ அமிலங்களுக்கு இடம், வலம் என்று இரண்டு வடிவங்கள் உண்டு, ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. எல்லாம் ஒன்றுதான், ஆனால் இடக்கால் செருப்பு வலக்காலுக்குச் சேராது. உலகத்தில் உயிர்கள் புரதம் செய்வதெல்லாம் ஒரே கால் செருப்பை வைத்துத்தான். பாக்டீரியாவின் சுவரில் தொங்கும் அந்த வால் இருக்கிறதே, அதன் நுனியில் மறுகால் செருப்பு, டி-அலனைன், அதுவும் அடுத்தடுத்து இரண்டு. முடிச்சுப் போடும் நொதி இந்த ஜோடியைத்தான் தேடிப் பிடித்து, கடைசி அலனைனைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வாலோடு இணைக்கும். பெனிசிலின் மூலக்கூறு பார்ப்பதற்கு அந்த இரட்டை அலனைன் போலவே இருக்கும். நொதி ஏமாந்து அதைப் பிடிக்கும். பெனிசிலினுக்குள் நான்கே அணுக்கள் கொண்ட இறுக்கமான வளையம் ஒன்று உண்டு, பீட்டா-லாக்டம் வளையம், வளைத்துக் கட்டிய மூங்கில் மாதிரி எப்போது விடுபடலாம் என்று காத்திருப்பது; நொதி தொட்டதும் வளையம் படாரென்று திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்ளும். பூட்டுக்குள் சாவி உடைந்து மாட்டிக்கொண்ட கதைதான், அந்த நொதி அதற்குப் பிறகு எதற்கும் உதவாது. இந்த வளையம் உண்மையிலேயே இருக்கிறது என்று 1945இல் எக்ஸ்-கதிரை வைத்துக் காட்டியவர் டோரதி ஹாட்ஜ்கின். நான்கு அணு வளையம் இவ்வளவு இறுக்கத்தில் நிற்காது என்று பெரிய வேதியியலாளர்களே நம்ப மறுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்ஸின், செஃபிக்ஸிம், மெரோபெனெம் என்று மருந்துச்சீட்டில் பார்க்கிற பெயர்களில் பல இந்த ஒரே வளையத்தைச் சுற்றிக் கட்டிய வெவ்வேறு வீடுகள்தான்.

எதையும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிற குணம் நல்லதுக்கு மட்டும் இல்லை. அது சில சமயம் நம் ரத்தத்தில் உள்ள புரதத்தோடும் ஒட்டிக்கொள்கிறது, அந்த ஒட்டுப்போட்ட புரதத்தைப் பார்த்துச் சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று அலறுகிறது. அதுதான் பெனிசிலின் அலர்ஜி, ஊசிக்கு முன் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பது அதற்குத்தான். பெனிசிலின் அலர்ஜி என்று ஃபைலில் எழுதப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு அலர்ஜி இருப்பதில்லை என்பது உண்மை, ஆனால் அதை டாக்டர்தான் சோதிக்க வேண்டும், வீட்டில் மாத்திரையைப் போட்டுப் பார்க்கிற விஷயமில்லை இது. அப்புறம் வயிற்றுப்போக்கு. உங்கள் செல்லுக்குச் சுவர் இல்லை, சரி, உங்கள் குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு உண்டே? மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது.

பாக்டீரியாக்களும் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த வளையத்தை வெட்டித் திறந்து பாழாக்கும் நொதி, பீட்டா-லாக்டமேஸ், அவற்றில் சிலவற்றிடம் ஏற்கெனவே இருந்தது. பெனிசிலின் மருந்தாகக் கடைக்கு வருவதற்கு முன்பே, 1940இலேயே, ஆபிரகாமும் செயினும் அதைக் கண்டு எழுதிவிட்டார்கள். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மண்ணில் காலங்காலமாகச் சண்டை போட்டு வருகின்றன, நாம் நடுவில் வந்தவர்கள். மருந்துக் கடையில் "625 ஒரு ஸ்ட்ரிப் குடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த 625 என்ன கணக்கு என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம். இந்தக் கிளாவுலானிக் அமிலத்துக்குத் தானாகப் பெரிதாகக் கொல்லத் தெரியாது. அதற்கும் அந்த நாலணு வளையம் உண்டு, வெட்ட வருகிற நொதியின் வாயில் போய் மாட்டி அடைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் அமாக்ஸிசிலின் தன் வேலையைப் பார்க்கும். பலியாடு அனுப்புகிற தந்திரம். இதே தந்திரத்தில் வந்த ஒன்று நம் ஊர் சரக்கு: சென்னையிலுள்ள ஆர்க்கிட் ஃபார்மா கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபிம் என்ற மருந்தோடு சேர்த்து, சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த இடம் எனக்குப் போதவில்லை.

இன்னொரு வழியும் பாக்டீரியாவுக்குத் தெரியும்: பூட்டையே மாற்றிவிடுவது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற சீழ்க்கிருமி வளையத்தை வெட்டத் தொடங்கியதும், வெட்ட முடியாத மெத்திசிலின் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். 1961இலேயே இங்கிலாந்தில் அதையும் சட்டை செய்யாத கிருமி அகப்பட்டது. மெத்திசிலின் ஒட்டாத புது முடிச்சு நொதி ஒன்றை அது சேர்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளில் எம்ஆர்எஸ்ஏ என்று பயத்தோடு சொல்வது இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், தொண்டையில் சீழ் வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜினஸ் மட்டும் 80 வருஷமாகியும் பெனிசிலினுக்குப் பணிந்தே போகிறது. அக்கா மகனுக்குச் சாதாரண அமாக்ஸிசிலினே போதுமானது அதனால்தான்.

நொதியில் ஏமாற்றினால் நொதியை விட்டுவிட்டுக் கயிற்றின் நுனியையே பொத்திவிட்டால்? வேன்கோமைசின் என்ற மருந்து செய்வது அது. போர்னியோ மண்ணிலிருந்து வந்த ஒரு நுண்ணுயிர் தயாரிப்பது, 1958இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆரம்பத்தில் அழுக்கெல்லாம் நீங்காமல் பழுப்பாக இருந்ததால் மிசிசிப்பிச் சேறு என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்களாம். அந்த இரட்டை அலனைன் நுனியின் மேல் கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளும், நொதிக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. இதில் பாக்டீரியா தப்புவது கடினம் என்று நினைத்தார்கள், நொதியை மாற்றலாம், சுவரின் சரக்கையே எப்படி மாற்றும்? மாற்றியது. கடைசி அலனைனுக்குப் பதில் லாக்டேட்டைப் போட்டுக்கொண்டது, ஒரு நைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு ஆக்ஸிஜன், வித்தியாசம் அவ்வளவுதான், வேன்கோமைசினின் பிடி ஆயிரம் மடங்கு தளர்ந்துபோனது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் டயர் வெளியே தெரிகிற பாக்டீரியாக்களுக்கு. இனி டயருக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டவர்கள்.

1884இல் பெர்லினில் ஹான்ஸ் கிரிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைத் தெளிவாகப் பார்ப்பதற்கு ஒரு சாயமுறை கண்டுபிடித்தார். ஊதாச் சாயம் போட்டு, அயோடின் போட்டு, ஆல்கஹாலால் கழுவுவது. சில பாக்டீரியா ஊதாவாகவே நின்றது, சிலது வெளுத்துப் போனது. வெளுத்ததைக் குறையாகத்தான் அவர் நினைத்தார். இன்றைக்கு அந்தக் குறைதான் எந்த மைக்ரோபயாலஜி லேபிலும் முதல் பாடம்: ஊதா நின்றால் கிராம் பாசிட்டிவ், வெளுத்து, பின்பு போடும் சாயத்தில் ரோஸ் நிறமானால் கிராம் நெகட்டிவ். பாசிட்டிவ்களுக்குத் தடித்த வலை, சாயம் உள்ளே சிக்கிக்கொள்ளும். நெகட்டிவ்களுக்கு வலை மெல்லியது, ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. ஈ. கோலி, டைபாய்டு கிருமி, காலரா கிருமி, கிளெப்சியெல்லா எல்லாம் இந்த மழைக்கோட்டுக் கூட்டம்.

அந்த வெளிச்சவ்வில் சிறு குழாய்கள் மாதிரிப் புரதத் துளைகள் உண்டு, சாப்பாடு உள்ளே போக வேண்டுமே. சின்ன மூலக்கூறுகள் அதன் வழியாக நுழையும், பெரியது நுழையாது. வேன்கோமைசின் தடியன், வாசலிலேயே நிற்பான், அதனால்தான் கிராம் நெகட்டிவ் தொற்றுக்கு அது உதவுவதில்லை. பழைய பெனிசிலினும் அந்தத் துளையில் நுழையச் சிரமப்பட்டது, எண்ணெய்த்தன்மை கொஞ்சம் அதிகம். அதில் ஒரு அமினோ தொகுதியைச் சேர்த்து 1961இல் ஆம்பிசிலின் ஆக்கினார்கள், நுழைந்தது. அமாக்ஸிசிலின் அதன் தம்பி.

நுழையவே வேண்டாம், மழைக்கோட்டையே கிழித்தால் என்ன என்பது கோலிஸ்டின் என்ற மருந்தின் வழி. வெளிச்சவ்வின் மேல்பக்கம் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றும் எதிர் மின்னேற்றம் கொண்டது. எதிரும் எதிரும் தள்ளுமே, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது நடுவில் உட்கார்ந்திருக்கும் மெக்னீசியம், கால்சியம் அயனிகள். நேர் மின்னேற்றம் கொண்ட கோலிஸ்டின் வந்து அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும், சவ்வு குலையும், பிறகு உள்சவ்வும் குலையும். தூங்குகிறவனா முழித்திருக்கிறவனா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் மறந்துவிடாதீர்கள், டயர்தான் நம்மிடம் இல்லை, ட்யூப் உண்டு. சவ்வைக் கிழிக்கிற மருந்து நம் சவ்வையும் கொஞ்சம் பதம் பார்க்கும். 1950 வாக்கில் ஜப்பானில் கிடைத்த கோலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டப்பட்டது. வேறு எதுவும் கேட்காத கிருமிகள் வந்தபின், வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கினார்கள்.

வேறு எதுவும் கேட்காத கிருமி என்றால் இந்தியப் பெயரே வைத்தது ஒன்று உண்டு. 2008இல் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு சுவீடன்காரரிடம் எடுத்த கிளெப்சியெல்லாவில் புதுவகை வெட்டு நொதி ஒன்று இருந்தது. முன்பு சொன்ன வளையத்தைத் துத்தநாக அயனியை வைத்து வெட்டுவது, கடைசிக் கையிருப்பான மெரோபெனெம் வகையையும் சேர்த்து வெட்டும், கிளாவுலானிக் அமிலம் மாதிரிப் பலியாடுகளுக்கும் மசியாது. நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ், என்டிஎம்-1 என்று பெயர். பெயருக்காக நம் அரசு கோபப்பட்டது, நியாயமும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கோபத்தால் நொதி போய்விடவில்லை. அப்படிப்பட்ட கிருமிக்குக் கோலிஸ்டின்தான் போக்கிடம் என்ற நிலையில், அதே கோலிஸ்டினைக் கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2015இல் சீனாவில் பன்றிகளிடமிருந்து ஒரு மரபணு பிடிபட்டது, எம்சிஆர்-1, வெளிச்சவ்வின் எதிர் மின்னேற்றத்தைக் குறைத்துக் கோலிஸ்டினுக்கு இருக்கை இல்லாமல் செய்வது, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகக் கைமாறுவது. 2019 ஜூலையில் இந்தியா, கோழி, கால்நடை, மீன் வளர்ப்புக்குக் கோலிஸ்டின் விற்பதைத் தடைசெய்தது.

கிராம் சாயத்துக்குள் அடங்காத ஒரு கிருமியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது: காசநோய்க் கிருமி. அதன் வலைக்கு மேல் மெழுகு. மைக்கோலிக் அமிலம் என்ற, 60 முதல் 90 கார்பன்வரை நீளும் கொழுப்பு, மெழுகுத்துணி போல மூடியிருக்கிறது, சாயம் சரியாக ஏறாது, மருந்தும் ஏறாது. இதற்கு ஐசோனியசிட் என்ற மருந்து 1952இல் வந்தது, அந்த மெழுகைத் தயாரிக்கும் இயந்திரத்தை நிறுத்துவது அதன் வேலை. இது அப்படித்தான் வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரியவே 1990கள் ஆயின, அதுவரை தெரியாமலேயே கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. உள்ளே போகும்போது ஐசோனியசிட் ஒன்றுக்கும் உதவாத பொருள், கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதை விஷமாக்குகிறது. தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது என்பார்களே, அது. அந்த நொதி கெட்டுப்போன கிருமி பிழைத்துக்கொள்கிறது, ஐசோனியசிட் கேட்காத காசநோயில் பெரும்பகுதி இப்படி வருவதுதான்.

இந்த மருந்தோடு சென்னைக்குப் பெரிய தொடர்பு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்) ஐசோனியசிட்டும் பாஸ் என்ற மருந்தும் ஓராண்டு கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். நோயாளிகளில் ஒரு பாதிப்பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபாதிப்பேர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, ஏழைச் சாப்பாட்டோடு. முடிவு கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது, வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் தேவையற்றுப் போக இந்த ஆய்வு பெரிய காரணம். மெழுகுச் சுவரை உருகவிடும் மாத்திரை கையில் இருந்தால் மலைக்காற்று அவ்வளவு முக்கியமில்லை என்று ஆகிவிட்டது.

அப்புறம் அக்கா மகன் இரண்டாவது கேள்வியும் கேட்டான்: "அப்ப ஜலதோஷத்துக்கும் இதையே சாப்பிடலாமா?" சுவரே இல்லாதவன் வீட்டுச் சுவரை இடிக்கப் போகிற கதை அது. ஜலதோஷம் வைரஸ், அதற்குச் சுவரும் இல்லை, செல்லும் இல்லை. பாக்டீரியாவிலேயே மைக்கோபிளாஸ்மா என்று சுவர் இல்லாத ஒன்று உண்டு, நிமோனியா உண்டாக்கும், அமாக்ஸிசிலினை டப்பா டப்பாவாகக் கொடுத்தாலும் அசையாது. அதற்கு அசித்ரோமைசின் மாதிரி, சுவரை விட்டுப் புரதம் செய்யும் இடத்தைத் தாக்குகிற மருந்து வேண்டும்.

புதுசாக எதுவும் வரவில்லையா என்றால், ஒன்று எனக்கு ஆர்வமாக இருக்கிறது. ஜோசுரபால்பின் என்று பெயர், 2024 ஜனவரியில் விவரங்கள் வெளியாயின. மழைக்கோட்டின் சரக்கு, அந்த லிப்போபாலிசாக்கரைடு, செல்லின் உள்ளேதான் தயாராகிறது. அதை உள்சவ்விலிருந்து வெளிச்சவ்வுக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. இந்த மருந்து அந்தப் பாலத்தின் அடிவாசலில் சரக்கோடு சரக்காக மாட்டிக்கொள்கிறது. லாரி சிக்கிய பாலம். சரக்கு உள்ளேயே தேங்கிச் செல் சாகிறது. ஐசியூக்களில் டாக்டர்களுக்குத் தூக்கம் கெடுக்கிற அசினெட்டோபாக்டர் என்ற ஒரே கூட்டத்தின் மேல்தான் இது வேலை செய்கிறது, குடலில் உள்ள மற்றவர்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மனிதர்களில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது.